திரும்பி வருகிற கத்தி

கத்தி அடிக்கப் புதிதாகக் கிளம்பியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் வேனில் வந்து என் பட்டறை வாசலில் இறங்கினீர்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் ஆறு பேர், ஒரு பல் டாக்டர், ஹோட்டல் சமையல் படித்த ஒரு தங்கை. இன்னொருவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கடைசி வரை சொல்லவில்லை. எல்லோர் பையிலும் துணியில் சுற்றிய கத்தி ஒன்று இருந்தது. அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தியைப் பார்க்க வந்த உங்களை, "மானாமதுரைப் பக்கம் ஒரு ஆள் இருக்கான், அரிவாளும் அடிப்பான், பெட்டிக்குள்ள வைக்கிற பளபளா கத்தியும் செய்வான்" என்று யாரோ கைகாட்டி விட்டிருக்கிறார்கள். மொட்டை மாடியிலும் கார் நிறுத்துகிற இடத்திலும் சின்ன உலை வைத்து, அக்கம்பக்கத்தாரிடம் திட்டு வாங்கிக்கொண்டே நீங்களாகக் கற்று அடித்த கத்திகள் அவை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொழிலே வேண்டாம் என்று திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட காலத்தில், கைநிறையச் சம்பளம் வாங்குகிறவர்கள் சுத்தியலைத் தேடி வந்தது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது.

கிளம்புகிற நேரத்தில் பச்சைச் சட்டை போட்ட தம்பி கேட்டார்: "அண்ணே, தினமும் புழங்குறவங்களுக்குச் செய்யறதா, வாங்கிச் சேர்த்து வைக்கிறவங்களுக்குச் செய்யறதா? எதுல நாங்க நிக்க முடியும்?" நான் வாயைத் திறப்பதற்குள் கரிமூட்டம் போடுகிறவர் ஒருவர் டிவிஎஸ் 50-இல் நாலு அரிவாளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். மறுநாள் காலையில் அவருக்குச் சீமைக்கருவேல் வெட்டு. "எழுதி அனுப்புறேன் தம்பி" என்று உங்களை வழியனுப்பினேன். சட்டைக்காரத் தம்பி தன் கத்தியை "பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்று என்னிடமே விட்டுப் போனார். அந்தக் கத்தியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு பேருக்கும் செய்கிறவன். என் பெண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டியது சேகரிப்பாளர் காசு. அதனால் அவர்களைப் பழித்து எழுதப் போகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆனால் எனக்குத் தொழில் தெரியும் என்று இன்றைக்கு நாலு பேர் சொல்கிறார்கள் என்றால், அது ஒரு இளநீர்க்காரரால்.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. பெங்களூர்க்காரர் ஒருவர் என்னிடம் வேட்டைக்கத்தி ஒன்று கேட்டிருந்தார். அவர் வேட்டைக்குப் போகிறவர் இல்லை. கத்தியின் பேர் அப்படி. ராக்வெல் கணக்கில் 60 கடினம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன், எனக்குக் கணக்குப் புரியும். பழைய கரண்டு அடுப்பு ஒன்றை வாங்கி, சூடுமானி மாட்டி, துவைச்சலை அளந்து போடக் கற்றுக்கொண்டேன். துவைச்சல் தெரியாதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். இருந்தாலும் எங்கள் பாஷையில் ஒரு தடவை சொல்கிறேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாத சூட்டையும் தாண்டி இன்னும் ஒரு நிறம் ஏற வேண்டும். அந்த நிறத்தைக் கண்ணால் பிடிக்கத்தான் எங்கள் பட்டறை பட்டப்பகலிலும் இருட்டிக் கிடக்கிறது; ஜன்னல் வைக்கக் காசில்லாமல் இல்லை. அந்த நிறத்தில் எண்ணெயில் முக்கினால் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அரம் போட்டால் வழுக்கும், கீழே விழுந்தால் உடையும். பிறகு அதை இளஞ்சூட்டில் வைத்து இறக்க வேண்டும். தேய்த்து வெள்ளையாக்கிய அலகில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும். அது 200 டிகிரிக்குச் சற்று மேல். அப்புறம் பழுப்பு, ஊதா. நீலம் வரும்போது 300 பக்கம் போயிருக்கும். வைக்கோலில் நிறுத்தினால் கூர் நிற்கும், அதிர்ச்சி தாங்காது. நீலத்தில் நிறுத்தினால் கூர் சீக்கிரம் இறங்கும், ஆனால் வளையுமே தவிர உடையாது. அப்பா அரிவாள் என்றால் ஊதா முடிந்து நீலம் தொடுகிற இடத்தில் நிறுத்துவார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பெங்களூர்க்காரர் கத்தி நன்றாக வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு அலகுக்கு நல்லது எல்லா அலகுக்கும் நல்லதுதானே என்று, அதே வாரம் அடித்த இளநீர் அரிவாளையும் வைக்கோல் நிறத்திலேயே நிறுத்திவிட்டேன். வாங்கியவர் மதுரை பைபாஸில் கடை போட்டிருக்கிறவர். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது காய் சீவுகிற கை.

பதினோராம் நாள் வந்தார். கோபம் ஒன்றும் இல்லை. அரிவாளைப் பட்டடைமேல் மெதுவாக வைத்து, வாய்ப்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நடுவாக்கில் மூன்று இடத்தில் நெல்மணி அளவுக்குப் பிறை பிறையாகப் பெயர்ந்திருந்தது. மட்டையைத் தாண்டி ஓட்டில் பட்ட இடங்கள். "இது கூடப் பரவாயில்லண்ணே, தீட்டினா போயிரும்னு பாத்தேன். என் கல்லுல ஏற மாட்டேங்குது" என்றார். அவருடைய கல் என்பது ரோட்டோரத்து நடைமேடையின் விளிம்பு. இரண்டு காய்க்கு நடுவே, வாடிக்கையாளர் சில்லறை எடுக்கிற நேரத்தில், அதில் நாலு இழுப்பு இழுத்துக்கொள்வார். என் 60 கடினத்தில் அந்தக் கல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. "அரிவா நல்லாத்தாண்ணே இருக்கு. எனக்குத்தான் உதவலை."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அரிவாளை மறுபடி சூடேற்றி நீலத்துக்கு இறக்கிக் கொடுத்தது அரை மணி நேர வேலை, அது பெரிசில்லை. தூக்கத்தைக் கெடுத்தது பெங்களூர்க் கத்தி. அரிவாள் அடித்த அதே லாரிக் கமான் பட்டையின் மறுபாதி, அதே அடுப்பு, அதே சூடு. அதிலும் குறை உண்டா இல்லையா? இன்று வரை எனக்குத் தெரியாது. அது ஒரு பெட்டிக்குள் வெல்வெட் துணிமேல் படுத்திருக்கிறது. அதன் முதுகில் என் முத்திரை இருக்கிறது. அந்த அலகு ஒரு கயிற்றைக்கூட அறுத்ததில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். புழங்குகிறவர் கையில் கொடுத்த கத்தி திரும்பி வரும். வாய் பெயர்ந்து, பிடி ஆடி, முதுகு வளைந்து, வசவோடு வரும். சேகரிப்பாளரிடம் போனது பாராட்டோடு அங்கேயே இருந்துவிடும். ஆரம்பத்தில் உங்களுக்கு எது தேவை என்று இப்போது நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் மானாமதுரையில் கடம் செய்கிறார்களே, அவர்களும் வித்வான் தட்டிப் பார்த்து முகம் சுளித்தால்தான் மண்ணை மாற்றிப் பிசைவார்கள்.

சேகரிப்பாளர்கள் கொண்டாடுகிற பேர்களை நீங்கள் வரிசையாகச் சொன்னீர்கள். நானும் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். பாப் லவ்லெஸ் என்று ஒரு அமெரிக்கர், 2010-இல் காலமானார். கப்பலில் வேலை பார்த்தவர். 1950-களில் நியூயார்க் கடை ஒன்றில் ராண்டல் என்பவர் செய்த கத்தி கேட்டிருக்கிறார். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்களாம். போங்கடா என்று பழைய பேக்கார்டு காரின் ஸ்பிரிங்கைக் கழற்றித் தானே ஒன்று செய்துகொண்டார். அங்கே பேக்கார்டு, இங்கே லாரிக் கமான், ஆரம்பம் ஒன்றுதான். அவருடைய வேட்டைக்கத்தியில் நுனி முதுகைவிடச் சற்றுத் தாழ்ந்து இறங்கும். அழகுக்காக வந்த வளைவு இல்லை அது. தோல் உரிக்கும்போது நுனி குடலைக் குத்திவிடக் கூடாது என்பதற்காக வந்தது. இன்றைக்கு அந்தக் கத்திகளை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் மான் உரிக்கப் போகிறார்கள்? ஆனாலும் அந்த வளைவுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

அப்புறம் பில் மோரன். உங்கள் ஒன்பது கத்தியில் ஐந்தில் அலை அலையாக ஓடியதே ஒரு கோலம், அதை அமெரிக்காவில் மறுபடி கிளப்பிவிட்டவர். இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் ஒட்டி, மடித்து மடித்து அடித்து, ஆசிடில் முக்கி எடுக்கிற வித்தை. நிக்கல் கலந்த எஃகு வெளுப்பாக நிற்கும், மற்றது கறுக்கும். 1973-இல் ஒரு கண்காட்சியில் அப்படி அடித்த கத்திகளை வைத்தார். 1976-இல் அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டி என்ற சங்கத்தையும் ஆரம்பித்தார். அந்தச் சங்கத்தில் பட்டம் வாங்கப் பரீட்சை உண்டு. அந்தப் பரீட்சையை நீங்கள் அவசியம் படித்துப் பார்க்க வேண்டும். தொங்குகிற ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். அடுத்து, இரண்டுக்கு நாலு சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதே வாயால், தீட்டாமல், கை ரோமத்தை வழித்துக் காட்ட வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு கத்தியை வைஸில் கட்டி 90 டிகிரிக்கு வளைப்பார்கள். வாய் விரிசல் விட்டு இரண்டாக உடைந்தால் போச்சு. இதில் தேறினால்தான் பளபளப்பான ஐந்து கத்திகளை மேஜைமேல் வைத்து அழகுக்கு மார்க் வாங்கலாம். சேகரிப்பாளர் மலிந்த தேசத்தில், அழகைப் பார்ப்பதற்கு முன்னால் வேலையைப் பார்க்கிறார்கள்.

டமாஸ்கஸ் என்று நாக்குத் தடுமாறாமல் சொல்கிறீர்கள். பழைய டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த எஃகு நம் தென்னாட்டுச் சரக்கு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. மண் மூசையில் இரும்பையும் சுள்ளியையும் இலையையும் அடைத்து மூடி உருக்கி எடுத்த எஃகு. வெள்ளைக்காரர்கள் ஊட்ஸ் என்று எழுதினார்கள். ஈரோடு பக்கம் கொடுமணலில் தோண்டியபோது இரும்பும் எஃகும் செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்தன. அந்த எஃகில் தெரிகிற நீரோட்டம் மாதிரியான கோலம் வேறு. அடுக்கி ஒட்டுகிற உங்கள் கோலம் வேறு. ஊட்ஸ் கோலம் உலோகத்துக்குள்ளேயே விளைவது. நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. 1800-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்று ஒரு கத்திக்காரர் இருந்தார். ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய ஊட்ஸே மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சடித்து வைத்திருந்தார். மின்சாரத்தால் பேர் பெற்ற மைக்கேல் ஃபாரடே, அவரும் ஒரு கொல்லர் மகன்தான், ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து அந்த எஃகை ஆராய்ந்திருக்கிறார். ஸ்டோடார்ட் அதில் செய்து விற்றது என்ன தெரியுமா? சவரக்கத்தியும் அறுவை மருத்துவருக்கான கருவிகளும். மறுநாள் காலையில் தாடையில் வைத்துப் பார்க்கிற சாமான்கள். பொய் சொல்லித் தப்ப முடியாத சாமான்கள்.

காசுக் கணக்குக்கு வருகிறேன். அதைத்தானே முக்கியமாகக் கேட்டீர்கள்.

நானும் சம்மட்டி அடிக்கிற தம்பியும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு நாலு வெட்டரிவாள் வரும். ஒன்று 800 ரூபாய். இரும்பு, கரி, பிடி, பூண், அரக்கு என்று ஒன்றுக்கு 150 போகும். தம்பிக்குக் கூலி 1,000. மிச்சம் 1,600. சேகரிப்பாளருக்கு ஒரு கத்தி 18,000 வரை விற்றிருக்கிறேன். கேட்கும்போது காதில் தேன் பாயும். அதற்கு எனக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். எஃகு, ஈட்டி மரம், பித்தளை, பெல்ட், தோலுறை, கூரியர் எல்லாம் சேர்த்து 3,500. மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் நாளொன்றுக்கு 1,200 சொச்சம். அதிலும் கடைசி நாளில் மெருகேற்றும்போது ஒரு கீறல் விழுந்தால் மூன்று நாள் வேலை மறுபடி. ஆக, தினமும் நாலு அரிவாள் விற்றுவிட்டால் அரிவாள்காரன்தான் பணக்காரன். விற்பதில்லையே! அறுவடைக்கு முன்பும், கரிமூட்ட சீசனிலும் கூட்டம் நிற்கும். ஐப்பசி மழையில் பட்டறையில் நாயும் நானும்தான். மலிவு விலை மெஷின் சரக்கு வேறு இரும்புக்கடையில் கட்டுக்கட்டாகத் தொங்குகிறது. ஊரடங்குக் காலத்தில் மூன்று மாதம் ஒரு அரிவாள் போகவில்லை. கரிக்குக்கூடக் காசில்லாதபோது முழு முன்பணம் அனுப்பி, "எப்ப முடியுதோ அப்ப அனுப்புங்க" என்றவர் சென்னையில் இருக்கிற ஒரு சேகரிப்பாளர். அதை மறந்து எழுதினால் நாக்கு அழுகிவிடும்.

அவர்களால் நான் கற்றதும் உண்டு. பிடிக்கும் அலகுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிந்தால் கரிமூட்டக்காரர் கண்டுகொள்ள மாட்டார். சேகரிப்பாளர் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். அந்த இடைவெளியில்தான் வியர்வையும் மழைத்தண்ணியும் இறங்கி, உள்ளே காம்பு துருப்பிடித்து, இரண்டு வருஷத்தில் பிடி கழன்று வருகிறது என்பது லென்ஸ்காரரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது 800 ரூபாய் அரிவாளிலும் அந்த இடத்தை அரக்கு ஊற்றி அடைத்துவிடுகிறேன். சில பழைய வடிவங்கள் அவர்களால்தான் பிழைத்திருக்கின்றன என்பதும் உண்மை. பனையேறிகள் குறைந்த பிறகு பாளை அரிவாள் கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் மாட்டி வைக்கிறவர்கள்.

ஆனால் கத்தியை எடுத்துப் புழங்க அவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. ஒருமுறை சென்னைக்குப் போனபோது ஒரு சேகரிப்பாளர் வீட்டில் காபி கொடுத்து, கண்ணாடி அலமாரியைத் திறந்து காட்டினார். நாலு வருஷத்துக்கு முன் நான் செய்த கத்தி, தோலுறையோடு. "ஒரு கீறல் கிடையாது பாருங்க" என்றார். வாங்கி உறையை உருவினேன். அலகு அப்படியேதான் இருந்தது. பித்தளைப் பூணைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரி பச்சை. தோலைப் பதப்படுத்துகிற கடுக்காய்ச் சாரம் சும்மா இருக்குமா? மூடியே வைத்ததில் பித்தளையை அது தின்றிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை எடுத்து ஒரு வெங்காயம் நறுக்கித் துடைத்து வைத்திருந்தால் அந்தப் பச்சை வந்திருக்காது. அவரிடம் அதைச் சொன்னேன். சிரித்தாரே தவிர வெங்காயம் நறுக்குவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உறையை விட்டு வெளியே வைக்கவாவது செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

வெட்டாத அரிவாள் எங்களுக்குப் புதிசு என்று நினைக்காதீர்கள். கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் அரிவாள் அடித்துத் தருகிறோம். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதியில் பார்த்திருப்பீர்கள். எட்டடி, பன்னிரண்டடி என்று கேட்பார்கள். விரதம் இருந்து அடிக்கிற வேலை. அதற்கு எங்கள் பட்டறையில் துவைச்சல் கிடையாது. பன்னிரண்டு அடியை எந்த எண்ணெய்த் தொட்டியில் முக்குவது? வாயும் தீட்டுவதில்லை. அது மழையில் நிற்கும், துருவேறும், கருப்பரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். சாமி அரிவாள் சாமி அரிவாளாகவும் வேலி அரிவாள் வேலி அரிவாளாகவும் இருந்தவரைக்கும் ஒரு குழப்பமும் இல்லை. சாமி அரிவாளை அடித்துவிட்டு "இது மரம் வெட்டும்" என்று சொல்லி விற்கிறபோதுதான் தொழில் கெடுகிறது. உங்கள் கத்திகளில் இரண்டைக் கையில் வாங்கியதும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. வாய்ப்பக்கம் அரிசிமணி கனத்துக்குத் தடித்திருந்தது. ஆசிடில் கோலம் நன்றாகத் தெரிவதற்காக மெல்லிசாக்காமல் விட்டிருக்கிறீர்கள். தக்காளியில் வைத்தால் அமுக்கும், அறுக்காது.

சட்டத்துக்கும் இந்த வித்தியாசம் தெரியும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ அறிவியலுக்கோ தொழிலுக்கோ என்று செய்யப்பட்டதாக இல்லாவிட்டால் ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். மாடியில் உலை வைத்திருக்கிறவர்கள் இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில், கத்தி அரிவாள் விற்கிறவர்கள் வாங்குகிறவரின் பேர், முகவரி, போன் நம்பர், எதற்காக வாங்குகிறார் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தமிழகக் காவல்துறை சொல்லிவிட்டது. அன்றிலிருந்து பட்டறையில் ஒரு நீளநோட்டு தொங்குகிறது. "எதற்கு" என்ற கட்டத்தில் ஆட்கள் எழுதியிருப்பதை வாசித்தால் பொழுது போகும். வேலி வெட்ட. மட்டை சீவ. கறிக்கடை. மாமனாருக்கு. சேகரிப்பாளர் ஒருவர் ரொம்ப நேரம் யோசித்து "சும்மா" என்று எழுதினார்.

மீன் சந்தையில் இருக்கிற அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பெரிய அரிவாள்மனை அவர்களுடையது. பலகையில் காலை ஊன்றி, இரண்டு கையாலும் மீனைப் பிடித்து அலகைப் பார்த்துத் தள்ள வேண்டும். அலகு அசையாது, மீன்தான் அசையும். ஆகவே கூர் மட்டும் போதாது, வளைவு சரியாக இருக்க வேண்டும். அரை அங்குலம் முன்னால் சாய்ந்தால் மணிக்கட்டு இற்றுப்போகும். பின்னால் சாய்ந்தால் நெத்திலி நழுவும், வஞ்சிரம் சிக்கும். நாலு தடவை கொண்டுவந்து போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஐம்பது ரூபாய் குறைத்தார்கள், ஒவ்வொரு தடவையும் என் அப்பா பேரை இழுத்தார்கள். நாலாவது தடவை திருத்திக் கொடுத்ததும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போய்விட்டார்கள். அப்புறம் வரவில்லை, சந்தையில் இன்னும் ஆறு பேரை அனுப்பினார்கள். உலகம் முழுக்க எதை எதையோ சேர்க்கிறார்கள், அரிவாள்மனையைச் சேர்க்கிற ஒரு ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே பச்சைச் சட்டைத் தம்பி கேட்டதற்கு என் பதில். சேகரிப்பாளருக்குச் செய்யுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் முதல் ஐம்பது கத்தியைக் காசு பார்க்காமல் கறிக்கடை, மெஸ், பூக்கடை, தோட்டம் என்று கொடுங்கள். தோலுறை வேண்டாம், கோலம் வேண்டாம். "ஆறு மாசம் கழிச்சு வருவேன், எப்படி இருக்குன்னு காட்டணும்" என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். சொந்தக்காரருக்கும் நண்பருக்கும் கொடுக்காதீர்கள். அவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். திரும்பி வருகிறபோது அலகைப் பார்ப்பதற்கு முன் பிடியைப் பாருங்கள். எந்த இடத்தில் கறுத்திருக்கிறதோ அங்கேதான் கை பிடித்திருக்கிறது. நீங்கள் செதுக்கி வைத்த பள்ளம் வேறு இடத்தில் இருந்தால் அடுத்த கத்தியில் பள்ளத்தை மாற்றுங்கள். அலகில் எந்த இடம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் குதிப்பக்கம்தான் தேய்ந்திருக்கும். நீங்கள் உயிரைக் கொடுத்துக் கூர் வைத்த நுனி புதுசாகவே இருக்கும். சமையல் படித்த தங்கைக்கு மட்டும் இது தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளை கொண்டுவந்த கத்தியில் கோலம் இல்லை, பிடி சாதாரண வேப்பமரம், அலகில் மஞ்சள்கறை. ஒன்பதில் அதைத்தான் நான் இரண்டாவது தடவை வாங்கிப் பார்த்தேன்.

இனி விட்டுப்போன கத்தி. பச்சைச் சட்டைத் தம்பி, கோபப்படாதீர்கள். உங்கள் டமாஸ்கஸ் கத்தியைப் பட்டறை அலமாரியில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக் கத்தியைச் சாணைக்குக் கொண்டுவந்த என் மனைவி, அது ஆகிற வரைக்கும் இது இருக்கட்டும் என்று உங்களுடையதை எடுத்துப் போய்விட்டாள். மாங்காய் நறுக்கியதில் அலையெல்லாம் கறுத்து, இப்போது எது அலை எது கறை என்று தெரியவில்லை. கூர் மூன்று வாரமாக நிற்கிறது, துவைச்சல் நன்றாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் முருங்கைக்காய் நறுக்கும்போது குதிமுனை ஆள்காட்டி விரலில் இடிக்கிறதாம். பிடி ஈரக்கையில் திரும்புகிறதாம். முதுகின் விளிம்பை ஏன் மழுக்காமல் விட்டாய் என்று கேட்கிறாள். தேங்காய்க் கீற்றைக் குத்தி எடுக்கும்போது கட்டைவிரலை அறுக்கிறதாம். இன்னும் நாலைந்து சொன்னாள், எனக்கு ஞாபகம் இல்லை. வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அப்படியே அவளிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சாயந்தரம் நாலு மணிக்கு மேல் வந்தால் ஓய்வாக இருப்பாள்.